அப்பா பெயருக்குக் கீழே ஒரு வரி

சூரமங்கலம்
16.6.2024

தம்பி தமிழரசுக்கு அக்கா ஜோதி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் நர்மதாவும் சௌக்கியம். அங்கே நீயும் ரஞ்சனியும் தர்ஷனும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா?

இதை நான் உன்னோடு பேசுவதாக எடுத்துக்கொள்ளாதே. கருப்பணார் கோயிலில் சூடம் அணைத்து, இனிமேல் தமிழரசுடன் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான். எழுதுவது பேச்சில் சேராது என்று பூசாரி பச்சமுத்து சொல்லிவிட்டார். ஆள் விட்டுக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் போதாதா என்கிறாள் நர்மதா. கேட்டதும் பதில் வந்தால் அது பேச்சுதான். தபால் என்றால் நடுவில் நாலு நாள் இருக்கிறது, அது பேச்சாகாது.

விஷயம் இதுதான். நர்மதாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை சரவணக்குமார், ராசிபுரம் பக்கம். ஈரோட்டில் ஒரு கம்பெனியில் இஞ்சினியர். தை கடைசியில் முகூர்த்தம். அவர்கள் வீட்டுப் பழைய பத்திரிகை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாத்தா பெயருக்குக் கீழே டிரான்ஸ்போர்ட், பெரியப்பா பெயருக்குக் கீழே ஃபைனான்ஸ், சித்தப்பா பெயருக்குக் கீழே மட்டும் மூன்று வரி. ஒரு பெயர்கூட வெறும் பெயராக இல்லை. நம் பக்கத்தில் உன் மச்சானின் அப்பாவுக்கு ரயில்வே கார்டு, ஓய்வு என்று போட்டாயிற்று. ‘அமரர் அர்த்தனாரி, ஊஞ்சக்காடு’ என்று எழுதிவிட்டு நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று சம்பந்தியம்மா கேட்டபோது காபி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

விவசாயம் என்று போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரி என்று ஒரு கார்டு போடு. நீளமாக எழுதாதே.

அக்கா
ஜோதி

*

ஊஞ்சக்காடு
25.6.2024

அக்காவுக்குத் தம்பி தமிழரசு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்தாவது விசாரித்தாயே, சந்தோஷம். மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நர்மதா கல்யாணச் சேதி கேட்டு ரஞ்சனி உடனே விளக்கேற்றி வைத்தாள்.

அப்பா விவசாயியா? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காட்டில் பாடுபட்டது அம்மா. அப்பா ஒரு வருஷம் நிலக்கடலை போட்டார், ஞாபகம் இருக்கிறதா? களை எடுக்கிற நேரத்தில் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு கர்நாடகா பக்கம் வேட்டு வைக்கக் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது கடலை பிடுங்கி, காய்ந்து, செக்குக்கே போய்விட்டது. வந்தவர் எண்ணெயை மோந்து பார்த்து, “இந்தத் தாட்டி நம்ம கடலை நல்லா வந்திருக்குது” என்றார். அம்மா அன்றைக்குச் சோறு போடவில்லை. விவசாயம் என்று போட்டால் அம்மா மேலேயிருந்து இறங்கி வந்து உன்னிடம் கேட்பாள்.

லாரி உரிமையாளர் என்று போடு. சம்பந்தி வீட்டுக்குச் சமமாக இருக்கும்.

இன்னொன்று. நர்மதாவுக்கு நான் ஒரே மாமன். சீர் கொண்டுவந்து, அவள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன். எனக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. வாசலுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, வாயைத் திறந்து ‘வா’ என்று அழைத்தால்தான் வருவேன். தபால் பேச்சில்லை என்பது உன் சட்டம் என்றால், தபால் அழைப்பில்லை என்பது என் சட்டம்.

உன் வீட்டில் கடைசியில் ஒரு வருஷம் இருந்தாரே, அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? சும்மா இருக்கிற ஆள் இல்லையே. அதையும் எழுது.

தம்பி
தமிழரசு

*

சூரமங்கலம்
4.7.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகம். மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, வாயும் கட்டுக்குள் இல்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

லாரி உரிமையாளர் என்று எழுத உனக்குக் கை வருகிறது. ‘ஜோதி ரோடுவேஸ்’ என்று போர்டு மாட்டிய அந்த ஒற்றை லாரியைப் பற்றித்தானே சொல்கிறாய்? உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, எனக்குத் தெரியும். ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், வழியில் திருச்செங்கோட்டில் தேரோட்டம் என்று கேள்விப்பட்டு லாரியை ஓரம் கட்டினார். தேர் நிலைக்கு வரும்வரை நாலு நாள் கூடவே வடம் பிடித்துவிட்டு, அப்புறம்தான் மில்லுக்குப் போனார். கிழங்கு பிடுங்கி இத்தனை நாள் வைத்தால் என்ன ஆகும்? மில்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாராம். “சாமி காரியமா நின்னுட்டனுங்க” என்று அப்பா சொன்னாராம். “அப்ப சாமிக்கே கொட்டிட்டுப் போங்க” என்று அவர் சொன்னாராம். கடனுக்கு லாரி போனதும், போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து ஆட்டுப்பட்டிக்குக் கதவாக வைத்தார். நான் பெரியவளாகிற வரைக்கும் என் பெயர் மேல் ஆடு உரசிக்கொண்டிருந்தது. இதைப் பத்திரிகையில் போடச் சொல்கிறாய்.

வாயைத் திறந்து அழைக்கவேண்டுமாம். நான் எதற்குச் சூடம் அணைத்தேன் என்பது உனக்கு மறந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் ஆசையாகக் காடை வாங்கி, கூண்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீ கூண்டைத் தூக்கி ரோட்டில் வைத்தாய். மாற்றுவேட்டியை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு அவர் என் வாசலில் வந்து நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். அப்போதுதான் நேராக ஊருக்கு வந்து உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “அப்பாவை நீயே வெச்சுக் காடை மேய்” என்றாய். ரோஷம் எனக்கும் இருக்கிறது.

சட்டம் பேசுவதை விட்டுவிட்டு, என்ன போடலாம் என்று உருப்படியாக எழுது.

ஜோதி

*

ஊஞ்சக்காடு
15.7.2024

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. சுகம்தான். மச்சானை அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொல், கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

முதலில் கூண்டு விஷயம். ரோட்டில் வைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் வைத்தேன். முட்டைக்கோழிப் பண்ணைக்குள் வேறு பறவை ஒன்றுகூட நுழையக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். சீக்கு ஒன்று ஒட்டினால் ஷெட் மொத்தமும் போய்விடும். அதை அப்பாவிடம் தன்மையாகத்தான் சொன்னேன். “காடைக்கும் கோழிக்கும் என்னடா பங்காளிச் சண்டை?” என்று கேட்டுவிட்டுக் கூண்டைத் தீவன ரூமுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் மாட்டினார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. சூடம்தான் அணைத்தாய். நீயே வைத்துக்கொள் என்று சொன்னது கோபத்தில் வந்தது. அதை நீ அப்படியே பிடித்துக்கொண்டாய்.

சரி, போர் போடுகிற ரிக் லாரிக்கு ஏஜென்ட் என்று போடலாமா என்று பார்த்தேன். திருச்செங்கோட்டுக்காரன் என்றால் ரிக் லாரிதானே எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதிலும் நம் ஆள் செய்த வேலையை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து நீரோட்டம் பார்ப்பார். தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீர். நிமிராவிட்டால் ஏஜென்ட் வேறு இடம் காட்டவேண்டும், ரிக் கிளம்பி வந்துவிட்டது, டீசல் எரிந்துவிட்டது. இவர் என்ன செய்வார்? ரிக்கைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே காட்டுக்காரரிடம், “இங்க தண்ணி இல்லீங்க. காசை வெச்சுப் புள்ளைகளைப் படிக்க வெய்யுங்க” என்பார். எந்த ரிக் ஓனர் இந்த ஆளை வைத்துக்கொள்வார்? துளையே போடாத ரிக் ஏஜென்ட் இவர் ஒருத்தர்தான்.

உன் வீட்டில் என்ன செய்தார் என்று கேட்டிருந்தேன். பதிலைக் காணோம்.

தமிழரசு

*

சூரமங்கலம்
20.9.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. பதில் எழுதத் தாமதம். மச்சானுக்குக் காலில் ஒரு புண், ஆறுவதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. இப்போது நடக்கிறார். நர்மதா இளைத்துப் போய்விட்டாள், கல்யாண வெசனம். நீங்கள் எல்லோரும் சுகமா?

பத்திரிகை வேலை அப்படியே நிற்கிறது. உன் மச்சான் ‘திரைப்படத் துறை’ என்று போடச் சொல்கிறார். கிண்டலாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று இவ்வளவு வருஷத்தில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்ததில்லை. டெண்டுக் கொட்டகையில் அப்பா மிஷின் ஓட்டியதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகையை மூட வைத்ததும் அவர்தான் என்பதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் படத்தின் முடிவைப் பார்க்காமலே போகிறார்கள் என்று அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அதனால் கடைசி ரீலை முதலில் ஓட்டிவிட்டார். வில்லன் செத்துப்போய்க் கல்யாணமும் நடந்து சுபம் போட்ட பிறகு, கதாநாயகன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். ஜனங்கள் பெஞ்சைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். “பஸ்ஸுக்குப் போறவங்களுக்கும் காசு குடுத்த படந்தானுங்க” என்று மேலே நின்றபடி நியாயம் பேசியிருக்கிறார்.

எதை எடுத்தாலும் கடைசியில் யாராவது ஒருத்தர் அடிக்க வருகிற மாதிரியே முடிகிறது. ஒரு மனுஷனுக்கு ஒரு வேலை இருக்கக் கூடாதா? போடுகிற ஒரு வரிக்கு நான் இத்தனை பாடுபட வேண்டுமா?

இங்கே என்ன செய்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். வயசானவர்கள் செய்வதைத்தான் செய்தார். பொழுதோடு நடந்துவிட்டு வருவார். பேப்பர் படிப்பார். ஓய்வாக இருந்தார்.

ஜோதி

*

ஊஞ்சக்காடு
29.9.2024

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. மச்சான் கால் பற்றிக் கேட்டு ரஞ்சனி பயந்துவிட்டாள். வேப்பிலை போட்டுக் கழுவச் சொல்கிறாள். நர்மதா எப்போதுமே ஒல்லிதான், அதற்கு வெசனப்படாதே.

அப்பா ஓய்வாக இருந்தார் என்று நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். பேப்பர் படித்தாராம். அவருடைய கண்ணாடி இங்கே சாமி அலமாரியில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோபத்தில் கிளம்பியவர் அதை எடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் காலண்டரில் தேதி தெரியாது. எதைப் படித்தார்?

நீ சொல்லாவிட்டால் போகிறது. கோழிப்பண்ணை என்று போடு, அதுதான் நியாயம். இந்தப் பண்ணையை முதலில் போட்டது அவர்தானே. நாமக்கல்லில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஷெட் போட்டார். முட்டை விட்டு ஓய்ந்த கோழிகளை எடுக்கக் கறிக்கடை வண்டி வந்தால், ஷெட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். “இத்தனை நாள் சோறு போட்டது, இப்ப கத்திக்கு அனுப்பறதா?” என்பார். முட்டையும் இல்லை, கறியும் இல்லை, தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். நான் படிப்பை முடித்து வந்து சாவியைக் கையில் வாங்கின அன்றுதான் இது பண்ணை ஆனது. சாவியைக் கொடுக்கும்போதும் அவர் முகம் நன்றாக இல்லை. நல்லபடியாக வைத்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் ஷெட் பக்கம் வந்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. உன் பெயரையாவது ஒரு லாரிக்கு வைத்தார்.

போகட்டும். பஸ்ஸில் நான் அனுப்பிவிடுகிற முட்டை அட்டை ஒழுங்காக வந்து சேருகிறதா?

தமிழரசு

*

சூரமங்கலம்
2.12.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம். மனசால் யாரும் சுகமாக இல்லை. உங்களுக்கு எப்படி என்று எழுது. முட்டை வந்து சேருகிறது.

நிச்சயதார்த்தம் நேற்று முடிந்தது. மாமன் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். உனக்கு இப்போது திருப்தியா?

அதைவிடப் பெரியது நடந்துவிட்டது. வெற்றிலைத் தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். “ஏனுங்க, இவரு ஜங்ஷன் முட்டைத் தாத்தா தானுங்க?” என்று சபை நடுவில் கேட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்தாயே, இப்போது படி. அப்பா இங்கே வந்த அடுத்த வாரமே ஒரு அலுமினிய வாளி வாங்கினார். பொழுது சாய ஜங்ஷனுக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்தில் நின்று அவித்த முட்டை விற்றார். ரயில் இறங்கி வருகிற பையன்களுக்கு முட்டையை உரித்து, நூலால் இரண்டாக வகுந்து, பழைய பவுடர் டப்பாவிலிருந்து மிளகும் உப்பும் தட்டி, பேப்பரைக் கிழித்து அதில் வைத்துக் கொடுப்பார். பேப்பர் என்று நான் எழுதியது பொய்யில்லை. தினமும் வாங்கினார், படிக்க இல்லை.

ரயில்வே ஆபீஸ்காரர் மாமனார் வாளியோடு நிற்கிறார் என்று காலனி முழுக்கப் பேசினார்கள். மகள் சோறு போடவில்லை போலிருக்கிறது என்று என் காதுபடவே பேசினார்கள். உன் மச்சான் அவரைப் பார்க்காத மாதிரி இருக்கவேண்டும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதற்காகவே அவரை இன்றைக்கும் நான் கும்பிடுவேன். போகாதீர்கள் என்று அப்பாவிடம் நானும் சொல்லவில்லை. அவருக்கு அடுப்பில் கை நடுங்கும். அதனால் நானே அவித்துக் கொடுத்தேன், தினமும். வீடு முழுக்க முட்டை வாடை. அந்த வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறபோது அவர் முகம் இருந்த மாதிரி நம் வீட்டில் நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

கடைசி நாள் வாளியை வைத்துவிட்டு, “இன்னைக்கு அத்தனையும் தீந்துருச்சு கண்ணு” என்றார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார், படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. இதையும் உனக்கு நான் சொல்லவில்லை. என் வாயால் சொல்ல முடியாது, சத்தியம் இருக்கிறது. எழுதவும் கை வரவில்லை.

சம்பந்தியம்மா போகும்போது, “விவசாயம்னே போட்டுருங்க, அதுதான் கௌரவம்” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜோதி

*

ஊஞ்சக்காடு
11.12.2024

அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே சுகம்.

கடிதம் வந்தது. படித்தேன். ரஞ்சனியும் படித்தாள், அழுதாள்.

நிச்சயத்துக்கு வராதது எனக்குத் திருப்தி இல்லை. அன்றைக்குப் பகல் முழுக்கத் தீவன ரூமில்தான் இருந்தேன். ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தான். வாயால் அழைக்காமல் வரமாட்டேன். சத்தியத்தைத் திருப்பி எடுப்பதற்கு வழி உண்டா என்று பச்சமுத்துவிடம் கேட்டேன். எங்கே சூடம் அணைத்ததோ அங்கேயே வந்து, புதுச் சூடம் ஏற்றி, சேவல் ஒன்று கொடுத்துக் கேட்டுக்கொண்டால் கருப்பணார் விட்டுவிடுவாராம். சேவல் நீதான் கொண்டுவர வேண்டும். இத்தனை கோழி இருக்கிற பண்ணையில் சேவல் ஒன்றுகூட இல்லை.

அப்பா பெயருக்குக் கீழே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். நான் இனி ஒன்றும் சொல்லவில்லை.

தமிழரசு

*

சூரமங்கலம்
5.1.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். மச்சான் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அதிசயம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன், அதை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரிகை அச்சாகிவிட்டது. கேள். அச்சகத்தில் உட்கார்ந்து விவசாயம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாருக்குப் பயந்து இதைச் செய்கிறேன்? தாலி கட்டப்போகிறவன் அவர் கையால் வாங்கித் தின்றவன். வெள்ளிக்கிழமை தோறும் ஈரோட்டிலிருந்து வந்து இறங்கினால் முட்டை தின்றுவிட்டுத்தான் ராசிபுரம் பஸ் ஏறுவானாம். மழை நாளில் தாத்தா குடை பிடித்து அவனை பஸ் ஏற்றி விட்டிருக்கிறார். இதை அவன் வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறான். அவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு? திரும்ப உள்ளே போய் மாற்றிவிட்டேன். ‘அமரர் அர்த்தனாரி, ஊஞ்சக்காடு. முட்டை வியாபாரம், சேலம் ஜங்ஷன்.’ அச்சகக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். சம்பந்தியம்மா போன் செய்தார்கள், அதற்கும் பதில் சொல்லிவிட்டேன்.

அப்பா செய்த அத்தனை வேலையிலும் யாரும் அடிக்க வராமல் முடிந்தது இந்த ஒன்றுதான். அதனால் இதுதான் அவர் வேலை.

இப்போது உன்னை ஒன்று கேட்கவேண்டும். நான் முட்டைக் கதையை அவ்வளவு எழுதியும் நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வேறு யாராக இருந்தாலும் ‘முட்டைக்கு எங்கே போனார்’ என்றுதான் முதலில் கேட்பார்கள். நீ கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ பஸ்ஸில் அனுப்புகிற அட்டை எங்களுக்குப் போதுமானது. அப்பா வந்த பிறகு அது ஏறிக்கொண்டே போனது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இத்தனை என்று அப்போது நினைத்தேன், என் மேல் இருக்கிற கோபத்தில் வீம்புக்கு அனுப்புகிறாய் என்று விட்டுவிட்டேன். முதலில் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த அப்பா அதையே நிறுத்திவிட்டார். அவர் காலம் ஆன வாரத்திலிருந்து அட்டை மறுபடி பழையபடி குறைந்துவிட்டது.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை வருகிறேன். சூடமும் சேவலும் கொண்டுவருகிறேன். கோயில் வாசலில் நில். இதற்குப் பதிலை வாயால் சொல்.

ஜோதி

*

ஊஞ்சக்காடு
24.1.2025

அக்காவுக்குத் தம்பி தமிழரசு எழுதிக்கொள்வது. நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே எல்லோரும் சுகம். சீர்ப்புடவை எடுத்தாகிவிட்டது, மாம்பழ நிறம். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையே வந்துவிடுவோம்.

இனி பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எங்கே பேச விட்டாய்? சேவலைக் கருப்பணாருக்குக் கொடுத்துச் சூடம் ஏற்றினதும் வாயைத் திறந்தாய். “ஏண்டா சாமி இப்பிடி எளச்சுப் போயிட்ட?” என்று ஆரம்பித்தாய். அப்புறம் நான் வாயைத் திறக்க நீ இடமே கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துப் பேச்சையும் வீட்டுக்கு வருகிற வழியிலேயே பேசினாய், சாப்பிடும்போது பேசினாய், வெற்றிலை பாக்கை என் கையில் வைத்து அழைத்துவிட்டுப் பஸ் ஏறுகிற வரைக்கும் பேசினாய். பச்சமுத்து என்னைப் பார்த்து, “சத்தியத்தை எடுத்திருக்க வேண்டாமுங்களோ?” என்று கேட்டார். நீ என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய். அதைச் சொல்ல நான் மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும் சம்பந்தியம்மா கதைக்குப் போய்விட்டாய். போனிலும் இதே கதிதான். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு அட்டை கொண்டுவருகிற பஸ் கண்டக்டர் இருக்கிறானே, அறிவு, அவன்தான் என்னிடம் சொன்னான். “அப்பா ஜங்ஷன்ல வாளியோட நிக்கிறாருங்க” என்றான். அன்றைக்கே பஸ் ஏறினேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. இங்கே காரும் பண்ணையும் இருக்க, அங்கே போய் என் மானத்தை வாங்குகிறாரே என்று, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

ரயில் வந்த நேரம். அவரைச் சுற்றிப் பையன்கள் நின்றார்கள். நானும் போய் அவர்களோடு நின்றேன். என் முறை வந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார். முட்டையை உரித்து, நூலால் வகுந்து, மிளகு தட்டி, பேப்பரில் வைத்து நீட்டினார். பத்து ரூபாயை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் அப்படியே நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அல்லது வா என்பார் என்று நினைத்தேன்.

“சாப்புடுங்க” என்றார். “எம் பையன் பண்ணை முட்டைங்க. நல்லா இருக்கும்.”

பின்னால் நின்ற பையன் தோளில் இடித்தான், நகர்ந்துவிட்டேன். திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துதான் அதைத் தின்றேன். மிளகு கொஞ்சம் தூக்கல்.

அடுத்த நாள் அறிவிடம் இரண்டு அட்டை கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன்.

தம்பி
தமிழரசு